குற்றமா, குறைபாடா? – ஒரு மாத்திரையின் வரலாறு

நாற்பது வயதைக் கடந்த மனிதர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு அறிவில் குறைவில்லை. இரக்கமுள்ளவர், உதவி என்று யார் கேட்டாலும் ஓடி வருவார். ஆயினும் அவர் தொடங்கிய வேலை எதுவும் முடிவதில்லை. மின் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் கடந்த பின்னரே அது நினைவுக்கு வருகிறது. அலுவலக மேசையில் பாதி எழுதிய கடிதங்கள் குவிந்து கிடக்கின்றன. மனைவி முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மனம் எங்கோ அலைகிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு மறந்து போகிறது. ‘பொறுப்பில்லாதவர்’ என்கிறது குடும்பம். ‘சோம்பேறி’ என்கிறது அலுவலகம். இச்சொற்களைச் சிறு வயது முதலே கேட்டுக் கேட்டு, அவரும் தம்மைப்பற்றி அவ்வாறே தீர்ப்பிட்டுக்கொண்டு வாழ்கிறார்.

இத்தகையோருள் சிலரிடம் காணப்படுவது குணக்கேடன்று, மூளையின் செயற்பாட்டில் பிறவியிலிருந்தே அமைந்த ஒரு குறைபாடு என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. ‘கவனக் குறைபாடு’ என்று நாம் சுருக்கமாக அழைக்கலாம், ஏ.டி.எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துகளால் உலகெங்கும் அறியப்படுவது இதுவே. இதற்கெனத் தரப்படும் முதன்மையான மாத்திரைகள் கிளர்வூட்டி வகையைச் சேர்ந்தவை. ஒருபுறம் அவை மருந்து. மறுபுறம் பல நாடுகளின் சட்டங்களில் அவை போதைப்பொருள்களோடு ஒரே பட்டியலில் நிற்பவை. தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு பணியை முடிக்க முடிந்தது என்று கண்கலங்கிச் சொல்வோர் உண்டு. மனிதன் முயன்று அடைய வேண்டிய கட்டுப்பாட்டை மாத்திரையில் தேடுவதா என்று கேட்போரும் உண்டு.

இவ்விவாதத்தில் விரைந்து ஒரு பக்கம் சேர்வது எளிது. அதற்கு முன், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு நீண்ட இதன் வரலாற்றை நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

கோலுக்கு அடங்காத கவனம்

1775-இல் ஜெர்மானிய மருத்துவர் மெல்கியோர் ஆடாம் வைக்கார்ட், கவனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதர்களைப்பற்றித் தம் நூலில் எழுதினார். 1798-இல் எடின்பரோ நகரில் பிறந்த அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் மருத்துவர், மனநோய்களின் இயல்பையும் தோற்றத்தையும் பற்றி இரு தொகுதிகள் கொண்ட நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் உருசியப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டருக்கு மருத்துவராகப் பணியாற்றியவர் இவர். அந்நூலில் கவனத்துக்கென்றே தனி இயல் ஒன்று உண்டு.

ஒரு பொருளில் மனத்தை நிலையாகப் பதிக்க இயலாத நிலை சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது; வேறு சிலருக்கு நோயினால் வருகிறது என்று கிரைட்டன் எழுதினார். அவர்களுக்கு எல்லாமே இடையூறு. அறையில் யாரேனும் நடந்தாலும், மேசை ஒன்றை நகர்த்தினாலும், கதவு சட்டென்று மூடினாலும், தெருவில் நாய் குரைத்தாலும் அவர்கள் மனம் சிதறிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளைப்பற்றியும் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். இலத்தீன், கிரேக்க இலக்கணப் பாடங்களின் வறட்சியில் சில பிள்ளைகளின் மனம் ஒட்டுவதேயில்லை. ஆசிரியரின் பிரம்பும் அதை மாற்றுவதில்லை, அன்பான வேண்டுகோளும் மாற்றுவதில்லை. பிரம்பே கல்வியின் பாதி என்று கருதப்பட்ட காலத்தில், அடித்தும் பயனில்லாத நிலை ஒன்று உண்டு என மருத்துவர் ஒருவர் எழுதினார் என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அவர் கருத்து அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

அந்த இடைவெளியில் மக்கள் மனத்தில் பதிந்தது வேறொரு படம். பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன், 1844-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தம் மூன்று வயது மகனுக்குக் கொடுக்க நல்ல படப்புத்தகம் கிடைக்காமல், தாமே ஒன்றை எழுதி வரைந்தார். 1845-இல் அது அச்சேறியது. உணவு மேசையில் நிலையாக உட்கார மறுத்து, நாற்காலியை ஆட்டி ஆட்டி, விரிப்போடு தட்டுகளையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் என்னும் சிறுவன் பின்னர் அதில் இடம்பெற்றான். வானத்தையே பார்த்து நடந்து ஆற்றில் விழும் ஹான்ஸ் என்னும் சிறுவனும் அவனோடு சேர்ந்தான். ஹாப்மன் 1851 முதல் பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஆயினும் அந்தப் புத்தகம் நோயைப்பற்றியது அன்று. அடங்காத பிள்ளைக்குக் கேடு வரும் என்று எச்சரிக்கும் புத்தகம். அதைப் படித்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிலிப்பைப் போன்ற பிள்ளைகள் மட்டும் ஒருவேளை சிரித்திருக்க மாட்டார்கள்.

‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை’

1902-ஆம் ஆண்டு இலண்டனில், மருத்துவர்களின் அரச கல்லூரியில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட பெருமகன் அவர். தாம் கண்ட 43 குழந்தைகளைப்பற்றி அவர் விரிவாக எடுத்துரைத்தார். அக்குழந்தைகளுள் பலர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் நினைத்ததை அந்தக் கணமே செய்தார்கள்; தண்டனை பெற்ற சில மணி நேரத்திலேயே அதே தவற்றை மீண்டும் செய்தார்கள்; எதிலும் கவனம் நிலைக்கவில்லை. இந்நிலைக்கு அவர் இட்ட பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்பதாகும்.

இப்பெயரைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இது உடற்கூற்றில் வேரூன்றிய குறை என்றே ஸ்டில் கருதினார். வளர்ப்பின் பிழை என்று அவர் பெற்றோரைக் குற்றஞ்சாட்டவில்லை. எனினும் ‘ஒழுக்கம்’ என்னும் சொல் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. மருத்துவர் ‘குறை’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். உலகம் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை மட்டும் கேட்டது. தன் விருப்பத்தால் செய்யும் தீமைக்கும், தன்னால் அடக்க இயலாத இயல்புக்கும் இடையே எல்லை எங்கே என்னும் கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அது முழுமையாகத் தீரவில்லை.

முதல் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் மூளை அழற்சி நோய் ஒன்று உலகெங்கும் பரவியது. நோயாளிகளை நீண்ட உறக்கத்தில் ஆழ்த்திய அக்கொள்ளைநோயிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலரிடம் பெரும் மாற்றம் தெரிந்தது. முன்பு அமைதியாக இருந்தவர்கள் ஓயாது ஓடினார்கள், கவனம் சிதறினார்கள், கட்டுக்கடங்காமல் நடந்தார்கள். நேற்றுவரை நல்ல பிள்ளை. காய்ச்சலுக்குப் பின் வேறு பிள்ளை. இதற்குக் குணத்தைக் குறைகூற யாராலும் முடியவில்லை. நடத்தையின் வேர் மூளையிலும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வலுப்பெற்றது.

கணக்கு மாத்திரைகள்

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஜார்ஜ் பிராட்லி என்னும் செல்வர் வாழ்ந்தார். அவருடைய ஒரே மகள் எம்மா, 7 வயதில் மூளை அழற்சிக்கு ஆளாகி, வாழ்நாள் முழுதும் மீளாத பாதிப்படைந்தாள். அவளைப் போன்ற குழந்தைகளுக்குச் சரியான இடம் எங்கும் இல்லை என்பதைக் கண்ட அந்தத் தந்தை, தம் செல்வத்தை அதற்கென விட்டுச் சென்றார். 1931-இல் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே அமைந்த உளமருத்துவமனைகளுள் அமெரிக்காவில் முதலாவது அது.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிராட்லி அங்கே மருத்துவராகப் பொறுப்பேற்றார். மூளையைப் படம்பிடிக்க அக்காலத்தில் ஒரு கடினமான முறை இருந்தது. முதுகுத்தண்டு நீரை வெளியேற்றி, காற்றைச் செலுத்தி, பின் கதிர்ப்படம் எடுப்பார்கள். அதன்பின் குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அதைத் தணிக்கக்கூடும் என்று கருதி, பென்செட்ரின் என்னும் ஆம்பெட்டமின் மாத்திரையைப் பிராட்லி கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பறையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சில பிள்ளைகள் அமர்ந்து பாடம் படித்தார்கள். கணக்குகளை ஆர்வத்துடன் போட்டார்கள். 1937-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இம்மருந்தைப் பெற்ற 30 குழந்தைகளுள் 14 பேரின் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காணப்பட்டதாகக் கூறினார். அந்தப் பிள்ளைகளே அவற்றுக்குக் ‘கணக்கு மாத்திரைகள்’ என்று பெயர் வைத்தார்கள். மாத்திரையை நிறுத்தியவுடன் பழைய நிலை திரும்பிற்று.

விழிப்பூட்டும் மருந்து ஓடித் திரியும் குழந்தையை அமைதிப்படுத்துவானேன்? இந்தப் புதிர் நெடுங்காலம் மருத்துவர்களை ஈர்த்தது. மாத்திரைக்கு இணங்குவதே குறைபாடு உண்டு என்பதற்குச் சான்று என்று பலர் நம்பினார்கள். 1978-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஜூடித் ராப்பப்போர்ட் அந்நம்பிக்கையைச் சோதித்தார். எக்குறைபாடும் இல்லாத சிறுவர்களுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்தபோது, அவர்களும் அமைதியடைந்தார்கள். அவர்களுடைய கவனமும் கூர்மையடைந்தது. மாத்திரை உதவியது என்பதால் மட்டும் ஒருவருக்குக் குறைபாடு இருப்பதாக முடிவு செய்ய இயலாது என்பது அன்று தெளிவாயிற்று. இன்றும் பலர் மறந்துவிடும் பாடம் இது.

அதே மருந்தின் மறுமுகம்

குழந்தைகளின் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, இம்மருந்துகளைப் பெரியவர்கள் எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏனெனில் இவை முதலில் விற்பனைக்கு வந்தது பெரியவர்களுக்காகவே.

ஆம்பெட்டமினை 1887-இல் பெர்லினில் உருவாக்கியவர் உருமேனிய வேதியியலார் லசார் எடெலியானு. அதன் கிளர்வூட்டும் ஆற்றலை 1920-களின் இறுதியில் கலிபோர்னியாவில் கார்டன் ஆலஸ் கண்டறிந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது சோர்வை வெல்லும் கருவியாக அது படைகளுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்களுக்குப் பென்செட்ரின் கிடைத்தது. ஜெர்மானியப் படைக்கு அதன் நெருங்கிய உறவான பெர்விட்டின் வழங்கப்பட்டது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் 3.5 கோடி மாத்திரைகள் அனுப்பப்பட்டன. ஜப்பானில் போருக்குப் பின் கையிருப்பில் இருந்த இத்தகைய மருந்துகள் மக்களிடையே பரவி, எண்ணற்றோர் அடிமைப்பட்டார்கள். 1951-இல் கிளர்வூட்டிகளைக் கட்டுப்படுத்த அந்நாடு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இதற்கிடையே 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலார் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்தை உருவாக்கினார். அதைத் தாம் உட்கொண்டு பார்த்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி மார்கரீத், டென்னிஸ் ஆடுமுன் அதை உட்கொண்டபோது புத்துணர்ச்சி பெற்றார். அவருடைய செல்லப்பெயர் ரீட்டா. அப்பெயரிலிருந்தே ‘ரிட்டலின்’ பிறந்தது. 1954-இல் ஐரோப்பாவிலும் 1955-இல் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தபோது, களைப்புற்றோருக்கும் மனச்சோர்வுற்றோருக்கும் முதியோருக்குமே பரிந்துரைக்கப்பட்டது. ஓடித் திரியும் குழந்தைகளுக்கு உரியதாக அது மாறியது 1960-களில்தான்.

அதே ஆண்டுகளில் தவறான பயன்பாடும் பெருகிற்று. ஸ்வீடனில் கிளர்வூட்டிகளை ஊசிவழி ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவ, 1968-இல் அந்நாடு மெத்தில்பெனிடேட்டைச் சந்தையிலிருந்தே நீக்கியது. 1970-இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் பள்ளிப் பிள்ளைகளுள் 100-க்கு 5 முதல் 10 பேர்வரை இம்மருந்துகளை உட்கொள்வதாக நாளேடு ஒன்று எழுதியது. அந்த எண்ணிக்கை மிகையானது என்று மறுப்பு எழுந்தபோதும், பெற்றோரின் அச்சம் தணியவில்லை. நாடாளுமன்றக் குழு ஒன்று அவ்வாண்டு செப்டம்பரில் விசாரணை நடத்தியது. 1971-இல் வியன்னாவில் கையொப்பமான ஐ.நா. உடன்படிக்கை இம்மருந்துகளைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இந்தியாவிலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் மெத்தில்பெனிடேட் இடம்பெற்றது.

எனவே இம்மாத்திரையைக் கண்டு அஞ்சுவோரின் அச்சம் வெறும் கற்பனையன்று. அதற்கு வரலாறு உண்டு.

வளர்ந்தும் நீங்காத குறை

குழந்தை வளர வளர இக்குறை தானே மறைந்துவிடும் என்பது அக்காலத்து மருத்துவர்களின் பொதுவான நம்பிக்கை. பதின்வயதில் ஓட்டமும் குதிப்பும் குறைவதை அவர்கள் கண்டிருந்தார்கள். 1972-இல் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வர்ஜீனியா டக்ளஸ், இந்நிலையின் மையம் ஓட்டத்தில் இல்லை, கவனத்தை நிலைநிறுத்த இயலாமையில் உள்ளது என்று எடுத்துரைத்தார். அதே நகரில் காப்ரியேல் வைஸ், லில்லி ஹெக்ட்மன் ஆகிய இரு பெண் மருத்துவர்கள், சிறு வயதில் தம்மிடம் வந்த பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய நூல் 1986-இல் வெளிவந்தது. வளர்ந்தவர்களுள் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் கணிசமானோரிடம் அமைதியின்மையும், கவனச் சிதறலும், தம்மைப்பற்றிய தாழ்வான மதிப்பும் தங்கியிருந்தன. கால்கள் ஓய்ந்த பின்னும் மனம் ஓயவில்லை.

1976-இல் ஊட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டரும் அவருடைய உடன்பணியாளர்களும் இக்குறை உடையோராகக் கருதப்பட்ட 15 பெரியவர்களைப்பற்றி எழுதி, மெத்தில்பெனிடேட் அவர்களுள் பலருக்கு உதவியதைக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு ‘கவனக் குறைபாடு’ என்னும் பெயரை ஏற்றபோது, வளர்ந்த பின்னும் எஞ்சி நிற்கும் வகை என ஒன்றையும் சேர்த்தது. பெரியவர்களுக்கு அன்றுதான் கதவு சற்றுத் திறந்தது.

1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அக்கதவை அகலத் திறந்தது. ஆலன் சமெட்கின் என்பவரின் குழு, மூளை எவ்வளவு சர்க்கரையைச் செலவிடுகிறது என்று அளக்கும் கருவியால் 25 பெரியவர்களைச் சோதித்தது. அந்த அளவு மற்றவர்களைவிட 8.1 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்கள் யார் என்பது நம் நெஞ்சைத் தொடும். அனைவரும் இதே குறையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள். சிறு வயது முதல் தாங்களும் அவ்வாறே இருந்தவர்கள். ஆனால் மருந்து ஒருபோதும் பெறாதவர்கள். மகனுக்காக மருத்துவரிடம் சென்ற தந்தை, மருத்துவர் விவரிப்பதில் தம் இளமையையே கேட்கும் நிகழ்வு இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. ஆயினும் 1993-இல் பதின்வயதினரிடம் அதே சோதனையைச் செய்தபோது, மூளை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அத்தகைய தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. இன்றுவரை தனி ஒருவருக்கு இக்குறைபாடு உண்டா என்று படம்பிடித்துச் சொல்லும் கருவி இல்லை. வாழ்க்கை வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டறிவதே இன்றும் வழி.

1994-இல் எட்வர்டு ஹாலோவெல், ஜான் ரேட்டி என்னும் இரு உளமருத்துவர்கள் பொதுமக்களுக்காக எழுதிய நூல் அமெரிக்காவில் பெரும் வரவேற்புப் பெற்றது. தங்களுக்கும் இக்குறைபாடு உண்டு என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினார்கள். 2006-இல் வெளிவந்த கணிப்பு ஒன்று, அமெரிக்கப் பெரியவர்களுள் 4.4 விழுக்காட்டினர் இக்குறைபாடு உடையோர் என மதிப்பிட்டது.

வழக்கின் இரு பக்கங்கள்

பெரியவர்களின் சந்தை திறந்ததும் வணிகமும் விரைந்து வந்தது. குறைபாடு உடையோர்க்காக 1987-இல் தொடங்கப்பட்ட ‘சாட்’ என்னும் அமைப்பு, ரிட்டலின் நிறுவனத்திடமிருந்து பல இலட்சம் டாலர் பெற்றிருந்தது 1995-இல் தொலைக்காட்சி வழியே வெளிப்பட்டுப் பெரும் கேள்விகளை எழுப்பியது. அதே காலத்தில் அவ்வமைப்பு இம்மருந்தின் மீதான சட்டக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் வேண்டிக்கொண்டிருந்தது. குழந்தைகளை மதிப்பிடும் அளவுகோல்களை உருவாக்கி, இம்மருத்துவத்தின் முன்னோடியாக மதிக்கப்பட்ட கீத் கானர்ஸ், தம் முதுமையில், 2013-இல், இந்நோயறிதல் அளவுமீறிப் பெருகிவிட்டதை நாட்டுக்கு நேர்ந்த பேரிடராகவே கண்டு வருந்தினார். பகைவரிடமிருந்து வந்த குரலன்று அது.

இதயத்தைப்பற்றிய அச்சமும் எழுந்தது. 2005 பிப்ரவரியில் கனடா, ஆம்பெட்டமின் கலவை மருந்து ஒன்றைத் திடீர் மரணங்களின் காரணமாகச் சந்தையிலிருந்து நீக்கி, ஆய்வுக்குப் பின் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மீண்டும் அனுமதித்தது. 2011-இல், 25 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுள் மருந்து உட்கொண்ட 1.5 இலட்சம் பேரைக் கொண்ட ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதற்குச் சான்று இல்லை எனக் கண்டது. ஆனால் 2023-இல் ஸ்வீடனில் வெளிவந்த ஆய்வு, பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொள்வோரிடம் உயர் இரத்த அழுத்தமும் இரத்தக்குழாய் நோயும் சற்று மிகுவதைக் காட்டியது.

மறுபக்கச் சான்றும் வலியதே. 1968-இல் இம்மருந்தை விலக்கிய அதே ஸ்வீடன், பின்னர் அதற்கு மீண்டும் இடம் தந்தது. அந்நாட்டில் இக்குறைபாடு உடைய 25,656 பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டின் ஆய்வு, மருந்து உட்கொண்ட காலங்களில் அவர்களிடையே குற்றச்செயல்கள் ஆண்களிடம் 32 விழுக்காடும் பெண்களிடம் 41 விழுக்காடும் குறைந்திருந்ததைக் கண்டது. 2018-இல் 133 ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டவர்கள், பெரியவர்களுக்கு ஆம்பெட்டமின் வகையே மிகுந்த பயன் தருவதாக முடிவு செய்தார்கள். அந்த முடிவு ஏறத்தாழ 12 வாரப் பயன்பாட்டையே அளந்தது. நீண்ட காலத்தைப்பற்றிய படிப்பினை, 579 குழந்தைகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து கிடைக்கிறது. 14 மாத முடிவில், 1999-இல், முறையாக மருந்து பெற்றோரே குறைபாட்டின் அறிகுறிகள் நீங்குவதில் முன்னணியில் இருந்தார்கள்; மூன்றாம் ஆண்டின் முடிவில், 2007-இல், அந்த வேறுபாடு மறைந்திருந்தது.

2015-இல் நியூசிலாந்திலிருந்து மற்றொரு கேள்வி வந்தது. டனிடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரை அவர்களுடைய 38 வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், பெரியவர்களாகி இக்குறைபாட்டின் அறிகுறிகளைக் காட்டியோருள் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்குச் சிறு வயதில் அது இருந்ததில்லை எனக் கண்டார்கள். சிலரிடம் மனச்சோர்வோ, மதுவோ, வேறு துன்பமோ கவனச் சிதறலின் முகமூடியை அணிந்து வருகிறது என்பது ஒரு விளக்கம். அவர்களுக்குத் தவறான மாத்திரையைத் தருவது, உண்மையான நோயை மறைத்துவிடும்.

அவசரத்தின் விலை

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், மருத்துவரை நேரில் காணாமலே இம்மருந்துகளைப் பெற அமெரிக்கா தற்காலிகமாக இசைந்தது. சில நிறுவனங்கள் குறுகிய நேர உரையாடலிலேயே மருந்துச்சீட்டு வழங்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2022 அக்டோபரில் ஆம்பெட்டமின் கலவை மருந்துக்குத் தட்டுப்பாடு என அந்நாட்டு அரசே அறிவித்தது. பல ஆண்டுகளாக அதை நம்பி வேலையையும் குடும்பத்தையும் காத்துவந்தோர், கடை கடையாக அலைந்தார்கள். எளிதாகக் கொடுப்பதும் துன்பத்தில் முடிந்தது. கிடைக்காமற்போனதும் துன்பத்தில் முடிந்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இதில் நேர்ந்த பிழைகள் பலவும் அவசரத்தின் பிழைகள். பிரம்பெடுத்தவரும் அவசரப்பட்டார், ஒரே நாளில் மருந்துச்சீட்டு எழுதியவரும் அவசரப்பட்டார், மருந்து என்றவுடன் ‘போதை’ என்று பழித்தவரும் அவசரப்பட்டார். இதற்கு மாறாக, நன்மை விளைந்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் பொறுமையுடன் நின்றிருக்கிறார். கிரைட்டன் நின்று கவனித்தார். மான்ட்ரியால் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஒரு தந்தை, தம் மகளின் துயரிலிருந்து பிறர் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டினார்.

நாம் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்த அந்த மனிதரிடம் திரும்புவோம். அவருக்கு இக்குறைபாடு உண்டா என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. அவருடைய இளமை முதலான வரலாற்றை மனைவியிடமும் பெற்றோரிடமும் கேட்டு, வேறு நோய்களை விலக்கிய பின் உளமருத்துவர் ஒருவரே சொல்ல வேண்டும். குறைபாடு உண்டு என்றால், மாத்திரை அவருக்குப் பெரும் துணையாகலாம். அது அவருடைய கடமைகளை அவருக்காகச் செய்துவிடாது. மின் கட்டணத்தை அவர்தாம் செலுத்த வேண்டும். மனைவியின் பேச்சை அவர்தாம் கேட்க வேண்டும். குறைபாடு இல்லை என்றாலும், ‘சோம்பேறி’ என்ற சொல்லால் அவர் இதுவரை திருந்தியதில்லை என்பதை வீட்டார் அறிவார்கள்.

குற்றமா, குறைபாடா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. பெரும்பாலான மனிதர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய நேரம் வேண்டும். இன்று மாலை அந்த மனிதர் மீண்டும் ஒன்றை மறந்து வீடு திரும்பும்போது, பழைய சொல்லை எடுப்பதற்கு முன் அந்த நேரத்தை அவருக்குக் கொடுக்க நம்மால் இயலும்.